விருந்தாளிக்குக் கொடுத்த முதல் பரிசு

என் ஓரகத்தி ஜிபாரைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள், பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரே அடுப்பில் அவளோடு வருஷக்கணக்கில் சமைத்தவள் நான். அவளைப் பற்றிப் பேச எனக்கில்லாத உரிமை இந்த ஊரில் வேறு எவளுக்கும் கிடையாது.

அவள் மணப்பெண்ணாக வந்த அன்று திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரையைத் தூக்கிப் பார்த்து, மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று எடைபோட்டு, கையில் கொண்டுவந்த மிட்டாயைப் போட்டுவிட்டுப் போனார்கள். கூட்டம் குறைந்ததும் நான் திரைக்குள் தலையை நீட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தொழுகிறாளோ என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் பாட்டு!

"என்னடி இது, கல்யாணப் பொண்ணு வாய மூடிட்டு இருக்க மாட்டியா?"

"சத்தமாவா பாடுறேன்? உங்களுக்குக் கேக்குதாக்கா?"

"எனக்குக் கேக்குது. மாமாவுக்குக் கேட்டா தெரியும் சேதி."

எங்கள் மாமனார் அந்தக் காலத்துக் கூட்டுப் பண்ணையில் ஆட்டு வைத்தியர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் பெண் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். மாமாவுக்குப் பாட்டு பிடிக்காது என்று சொல்ல முடியாது. வானொலியில் வந்தால் பிடிக்கும். மருமகள் தொண்டையிலிருந்து வந்தால் பிடிக்காது. "தொழுவத்துல என்ன கச்சேரி? பால் கறக்கிறியா, கூட்டம் சேக்கிறியா?" என்று ஜன்னலைத் திறந்துகொண்டு கத்துவார். ஜிபார் சட்டென்று நிறுத்துவாள். அவர் ஜன்னலைச் சாத்தியதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள். மாடும் அதற்குள் காலை மாற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

பிறகு ஊரில் ஒரு கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டார்கள். பாடிவிட்டு வந்தவளுக்கு ஒரு ஆட்டுத் தொடையும் உடுப்புத் துணியும் கொடுத்தனுப்பினார்கள். தொடையைப் பார்த்ததும் மாமாவின் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளை நடை பழகும் விருந்து, எழுபது வயது விருந்து, எதற்கென்றாலும் ஜிபார்தான். என் வீட்டுக்காரர் மினி பஸ் ஓட்டுகிறவர், அவர்தான் அழைத்துப்போய் அழைத்து வருவார்.

கல்யாணத்தில் பாடுவது பாட்டா? அதைப் பார்த்தால்தான் தெரியும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுவாள். எதிரே இருப்பவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டே அக்கம்பக்கத்துச் சண்டையைப் பேசுவார்கள். குடித்துவிட்டு வந்த ஒரு சித்தப்பா மைக்கைப் பிடுங்கி, "நிறுத்தும்மா, மாப்பிள்ளைக்கு நான் ரெண்டு வார்த்த சொல்லணும்" என்பான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவளுக்கு ஆறிப்போன நூடுல்ஸும் ஒட்டின கொழுப்பும் வரும். பஸ்ஸில் திரும்பும்போது அவள் பேசவே மாட்டாள்.

ஒரு நாள் மட்டும் சொன்னாள். "அக்கா, ஒரே ஒரு தடவ, யாரும் எதையும் மெல்லாத எடத்துல நின்னு பாடணும்."

"மசூதிக்குப் போய்ப் பாடு" என்றேன். சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் கொழுந்தன், ஜிபாரின் புருஷன், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். கோடை வந்தால் எங்கள் வீட்டு அறைகளை, ஊரை ஒட்டிய பெரிய ஏரியில் குளிக்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். நாங்கள் கொட்டகையில் படுப்போம். அவர்கள் போனதும் மெத்தைகளை எல்லாம் வேலிமேல் போட்டு வெயில் காட்டுவது ஜிபாரின் வேலை. மெத்தையைக் கம்பால் அடித்துக்கொண்டே ஒரு பாட்டு கட்டினாள். 'யார் யாரோ உறங்கிப்போன மெத்தையை வெயிலில் போட்டேன், என்னவர் உறங்காத மெத்தையை எங்கே போடுவேன்' என்று தொடங்கும். புருஷனை வெளியூருக்கு அனுப்பாத வீடு எங்கள் தெருவில் எது? "போதும்டி, அடிக்கிற வேலையப் பாரு" என்று அதட்டிவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஏரிக்கரையில் ஏழு நாட்டுப் பாட்டுப் போட்டி என்று ஒன்றை அறிவித்தார்கள். கரையில் மேடை, வண்ண விளக்கு, தொலைக்காட்சி, எல்லாம். போட்டியை நடத்தும் நாடு என்பதால் எங்கள் நாட்டுக்கும் ஒரு பாடகர் வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது. ஜிபாருக்கு அந்த இலையுதிர் காலத்தோடு முப்பத்தைந்து முடிகிறது. நம் ஆள் முதல் பரிசு வாங்கினால் தலைநகரில் வானொலிப் பாடகர் குழுவில் நிரந்தர வேலை, குடியிருக்க ஓர் அறை. இரண்டாம் பரிசுக்கு ஒரு கம்பளம், அவ்வளவுதான்.

தலைநகருக்குப் போய்த் தேர்வில் பாடினாள். யார் சிபாரிசும் இல்லை. அங்கே பட்டுச் சட்டையும் பளபளப்புமாய் நின்ற பிள்ளைகளை எல்லாம் தள்ளிவிட்டு இவளைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மெத்தைப் பாட்டுக்காக. செய்தி வந்ததும் மாமா அரை நாள் யோசித்தார். அப்புறம், "நீ ஜெயிச்சா அரசாங்கம் கூப்பிடும். அரசாங்கம் கூப்பிட்டா நான் யாரு தடுக்க? போ" என்றார். ஜிபார் என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய்க் கட்டிக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி அப்படி ஒரு பிடி.

"அக்கா, அங்க உக்காந்து கேக்க மட்டும்தான் வருவாங்களாம். டிக்கெட் வாங்கி!"

போட்டிக்கு நடுவர்கள் ஏழு பேர், நாட்டுக்கு ஒருவர். எங்கள் நாட்டு நடுவர்தான் தலைமை நடுவர். அவர் யார் தெரியுமா? எங்கள் மாமனாரின் பெரியப்பா மகன்! அவர் பெயரை நான் வாயால் சொல்ல முடியாது. வாழ வந்த பெண்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்வதில்லை. நானும் ஜிபாரும் அவருக்கு வைத்த பெயர் தொப்பி மாமா. அடுப்படியில் உட்கார்ந்தாலும் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். கலைத்துறையில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைப் பார்த்துவிட்டால் குழந்தை பாலைப் பார்த்த மாதிரிதான்.

ஊரே எங்களைப் பார்த்துக் கண்ணடித்தது. "உங்களுக்கென்னம்மா, சொந்த மாமாவே நடுவரு. பரிசு வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றார்கள் கடைக்காரர்கள். ஜிபாருக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் தொப்பி மாமா எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தபோது, ஊற்றிக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள். மருமகள் பெரியவரிடம் அப்படிக் கேட்பது பெரிய விஷயம்.

"மாமா, எனக்குத் தயவு காட்ட வேண்டாம். நான் நல்லாப் பாடினா நல்லாப் பாடினேன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அவ்வளவு போதும்."

தொப்பி மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். "நீ என் பொண்ணு மாதிரி. உனக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா?"

"செய்ய வேண்டாம்னுதானே சொல்றேன் மாமா."

"சரி சரி, இன்னொரு கிண்ணம் ஊத்து" என்றார். அந்த மனுஷன் காதில் எதுவுமே ஏறவில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இறுதிப் போட்டியன்று நாங்கள் எல்லோரும் கரையில் பலகையில் உட்கார்ந்திருந்தோம். எல்லா நாட்டுக்காரர்களும் பாடி முடித்து, கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி ஜிபார். இன்னொருவன் பல்கேரியாவிலிருந்து வந்த பிளாமென் என்ற பையன். தாடி வைத்த, எந்நேரமும் சிரிக்கிற பையன். குரல் நன்றாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜிபார் பாடும்போது நடந்தது வேறு. மூன்று தந்தி கோமுஸைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் அவள் அந்த மெத்தைப் பாட்டைப் பாடினாள். கூட்டத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் எதையும் மெல்லவில்லை. அவளும் அதைப் பார்த்தாள், அவள் முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

நடுவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொன்னார்கள். மூன்று பேர் ஜிபார் என்றார்கள், மூன்று பேர் பிளாமென் என்றார்கள். மீதி இருந்தது தொப்பி மாமா ஒருவர்தான். என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, "முடிஞ்சுது! தலைநகர்ல அறை கெடச்சாச்சு!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தார்.

தொப்பி மாமா மைக்கைப் பிடித்தார். மலைகளைப் பற்றிப் பேசினார். ஏரியைப் பற்றிப் பேசினார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாத ஜனங்கள் நாங்கள் என்றார். கூட்டம் கை தட்டியது.

"நம்ம வீட்டுப் பாட்டு எவ்வளவு இனிமைன்னு எல்லாரும் கேட்டீங்க. ஆனா நாம வீட்டுக்காரங்க. விருந்தாளிய வெச்சுக்கிட்டு நாமே முதல்ல கைய நனைப்போமா? முதல் கிண்ணம் விருந்தாளிக்கு! பிளாமென்!"

சொல்லிவிட்டு முதல் பரிசான வெள்ளிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திப் போய்ப் பிளாமெனிடம் கொடுத்தார். கொடுத்தவர் நகரவில்லை. சிரித்த முகத்தோடு, கையை லேசாக நீட்டியபடியே அங்கேயே நின்றார்.

எதற்கு நின்றார் என்று கூட்டத்தில் இருந்த எங்கள் ஜனம் அத்தனை பேருக்கும் தெரியும். எங்களில் ஒருவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? கிண்ணத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "உங்க மரியாதைக்கு நன்றி, ஆனா இது இந்த வீட்டுப் பொண்ணுக்குச் சேர வேண்டியது" என்று திருப்பிக் கொடுத்திருப்பான். கொடுத்தவருக்கும் பெருமை, வாங்கினவனுக்கும் பெருமை. நாங்கள் இப்படித்தான் கொடுப்போம், இப்படித்தான் வாங்குவோம். அதை நம்பித்தான் அந்த மனுஷன் கொடுத்தார். பக்கத்து நடுவரிடம், "இப்பப் பாருங்க, பையன் என்ன பண்றான்னு" என்று கண்ணைக் காட்டினாராம். கூட்டம் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பிளாமென் கிண்ணத்தை முத்தமிட்டான். தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேடை முழுக்க ஓடினான். அவன் ஊர்க் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு குதித்தான். அழுதான். அம்மாவுக்கு ஏதோ சொன்னான். பாவம், அவன் மேல் என்ன தப்பு? பரிசு கொடுத்தால் மனுஷன் வாங்கிக்கொள்ள மாட்டானா? தொப்பி மாமா மட்டும் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஜிபாரிடம் யாரோ சுருட்டிய கம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

மேடைக்குப் பின்னால் நான் ஓடிப்போனபோது தொப்பி மாமா கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். ஜிபார் மேல் இல்லை, பிளாமென் மேல்!

"என்ன வளர்ப்பு இது? அப்படியே தூக்கிட்டுப் போயிட்டானே! பெத்தவங்க ஒண்ணும் சொல்லித் தரலியா?"

"மாமா, அவனுக்கு நம்ம வழக்கம் எப்படித் தெரியும்?" என்றேன். எனக்கு நாக்கில் இன்னும் நாலு வார்த்தை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாதுன்னா தெரிய வெப்போம். அவனுக்கு நாளான்னைக்குத்தான் விமானம். நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல ஆடு அடிச்சு விருந்து வைங்க. தலைய அவனுக்கு வெச்சு, முறைய எடுத்துச் சொல்றேன். நல்ல பையனா இருந்தா புரிஞ்சுக்குவான். அவனே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா முதல் இடம் தானா நம்ம பொண்ணுக்கு வந்துரும். நான் விசாரிச்சுட்டேன்." ஜிபார் பக்கம் திரும்பி, "நீ மனசு விட்டுராதே, பொறு" என்றார்.

ஜிபார் அவரைப் பார்த்தாள். அவள் நம்பினாளா என்றால், நம்பினாள். வேறு என்ன இருந்தது அவளுக்கு? மறுநாள் விடிந்ததிலிருந்து ஆட்டுக் குடலைக் கழுவினாள், மாவு பிசைந்தாள், எண்ணெயில் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரித்துக் கூடை கூடையாகக் கொட்டினாள். அவ்வளவு பேசாமல் அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. "ஏதாவது பேசுடி, பயமா இருக்கு" என்றேன். "உப்பு போட்டாச்சாக்கா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

மத்தியானம் வந்தார்கள். மாமனார் அந்தக் கம்பளத்தையே, ஆம், இரண்டாம் பரிசுக் கம்பளத்தையே, வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் விரித்து வைத்திருந்தார். "புதுசா இருக்கே, விருந்தாளி உக்காரட்டும்" என்றார். அதன்மேல் பிளாமெனை உட்கார வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண், இந்தப் பக்கம் தொப்பி மாமா, அந்தப் பக்கம் மாமா, பிறகு என் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். கதவோரம் சமோவாருக்குப் பக்கத்தில் ஜிபார், ஊற்றிக் கொடுக்க.

தட்டில் ஆட்டுத் தலையைக் கொண்டுவந்து பிளாமென் முன்னால் வைத்தார்கள். பையன் திருதிருவென்று விழித்தான். தலையும் அவனை விழித்துப் பார்த்தது. என் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள், நான் அதட்டினேன்.

தொப்பி மாமா தொண்டையைக் கனைத்தார். "தம்பி, விருந்தாளிக்குத்தான் தலையக் குடுப்போம். அதுக்கு மேல மரியாதை எங்ககிட்ட இல்ல. ஆனா வாங்கினவரு தானே சாப்பிட மாட்டாரு. அறுத்து, எது யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குக் குடுப்பாரு. குடுத்தது விருந்தாளிக்கு, சேர வேண்டியது வீட்டுக்காரங்களுக்கு. புரியுதா?"

கடைசி வார்த்தைகளை அழுத்தி, ஜிபார் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்லூரிப் பெண் நிதானமாக மொழிபெயர்த்தாள். பிளாமென் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். மறுபடி ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பெண் பதில் சொன்னாள். அவன் ஜிபாரைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"எனக்குப் புரிஞ்சுதுன்னு சொல்றாரு" என்றாள் அந்தப் பெண். "நேத்து என்ன நடந்துச்சுன்னு இப்பத்தான் புரியுதாம். இந்த அக்காதான் தன்னைவிட நல்லாப் பாடினாங்கன்னு தனக்குத் தெரியுமாம்."

ஜிபார் கையில் தேநீர்க் கெண்டி அப்படியே நின்றது. அவள் உதடு பிரிந்திருந்தது. அல்லாவே, வந்துவிட்டது, அவளுக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்று நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

பிளாமென் கத்தியை எடுத்தான். தலையிலிருந்து ஒரு காதை அறுத்தான். எழுந்து, கால்களைத் தாண்டிக் கதவோரம் வந்து, ஜிபாரின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காதை நீட்டினான். தலையும் குனிந்தான்.

காதை எங்களிடம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று. என் பிள்ளைகள் அதற்காகத்தான் அரை மணி நேரமாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது? தலையில் எதைச் சுலபமாக அறுக்க முடியுமோ அதை அறுத்தான். மனசாரத்தான் கொடுத்தான்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள். "பாத்தியா, நல்ல பையன்! முறை தெரிஞ்சுக்கிட்டான்!" என்று மாமா அவன் முதுகைத் தட்டினார். தொப்பி மாமா பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு மனபாரம் இறங்கிவிட்டது. எழுதிக் கொடுக்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை, கணக்கு நேராகிவிட்டது அவரைப் பொறுத்தவரை.

"வாங்கிக்கம்மா" என்றார் அவர். "விருந்தாளி குடுக்கிறத மறுக்கக் கூடாது."

ஜிபார் வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லல. நான் நல்லாப் பாடினேனா, இல்லியா?"

"இது என்ன கேள்வி?" தொப்பி மாமா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீதான் நல்லாப் பாடினே. அதுல யாருக்கு சந்தேகம்? அதனாலதானே உன்ன விட்டுக்கொடுத்தேன். மட்டமானதையா விருந்தாளிக்கு விட்டுக்கொடுப்பாங்க?"

அவர் கேலி செய்யவில்லை, குத்தவில்லை. பெருமையோடு சொன்னார். சுற்றி இருந்த கிழங்கள் தலையை ஆட்டின. நியாயம்தான் என்றார் ஒருவர். என் வயிறு எரிந்தது, இப்போது நினைத்தாலும் எரிகிறது.

ஜிபார் காதைச் சமோவார் தட்டில் ஓரமாக வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தொப்பி மாமாவின் கிண்ணத்தை எடுத்துத் தேநீர் ஊற்றினாள். நாங்கள் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம். பாதி என்றால் இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று. அவள் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றினாள். ஊற்றி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். நிரம்பிய கிண்ணம் வைத்தால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். வாயால் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய வார்த்தை எங்களிடம் இல்லை.

அடுத்து மாமனார் கிண்ணத்தை எடுத்தாள், அதையும் விளிம்பு வரை நிரப்பினாள். அவருடைய சொந்த வீட்டில்! அப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும். கடைசியில் பிளாமெனுக்கும். பையன் கிண்ணத்தைக் கையில் வாங்கி முகம் மலர்ந்து ஏதோ சொன்னான். அந்தக் கல்லூரிப் பெண் வெலவெலத்துப்போய், கேட்காமலே மொழிபெயர்த்தாள். "வந்ததுலேர்ந்து எல்லாரும் பாதிதான் ஊத்தினாங்களாம். இந்த அக்காதான் மனசு நெறைஞ்சு ஊத்தியிருக்காங்கன்னு சொல்றாரு."

தொப்பி மாமா கிண்ணத்தைத் தொடவில்லை. எழுந்தார். வாசலில் காலணியைத் தேடி மாட்டிக்கொள்ள அவருக்கு வெகு நேரம் பிடித்தது. யாரும் எழுந்து உதவவில்லை, நானும்தான். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பிளாமென் மட்டும் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ஜிபாரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு மாமனார் அவளோடு பேசவில்லை. தேநீரை என் கையிலிருந்துதான் வாங்கினார். கல்யாணத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. பெரியவரை எழுப்பி அனுப்பினவளைக் கூப்பிட்டால் விருந்து விளங்காது என்றார்கள். இலையுதிர் காலத்தில் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. முதல் பனி விழுவதற்குள் மாஸ்கோவுக்குப் புருஷனிடம் போய்விட்டாள். அங்கே அடுக்குமாடி வீடுகளில் படி கழுவுகிறாள். பதினான்கு மாடி. போனில் பேசினால் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்வாள். பாட்டைப் பற்றி நான் கேட்பதில்லை. ஏழு நாட்டுப் பாட்டுப் போட்டி மறு வருஷம் நடக்கவே இல்லை, பணம் இல்லையாம்.

தொப்பி மாமா நன்றாக இருக்கிறார். எந்த விருந்துக்குப் போனாலும் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைத்தான் சொல்கிறார், மறுநாள் விருந்தை மட்டும் விட்டுவிட்டு. போன மாதம் ஒரு கல்யாணத்திலும் சொன்னார். "உலகமே பாத்துச்சு! கையில இருந்த முதல் பரிச விருந்தாளிக்குத் தூக்கிக் குடுத்த ஜனம் நாம!" கூட்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மருமகள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு பெரிய மனசுக்கா இவருக்கு! கையில இருந்ததையே குடுத்திருக்காரே!"

"இவரு கையில எங்கடி இருந்துச்சு?" என்றேன். "அது எங்க ஜிபாரோடது."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.